1914 ஜூலையில் ஒரு ரயில் பயணம்: ‘த லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துப்பறியும் கதை, கொஞ்சம் காதல், நிஜமான சரித்திரப் பின்னணி. இந்த மூன்றும் சேர்ந்த கேம் எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது ‘த லாஸ்ட் எக்ஸ்பிரஸ்’. உடனே பத்துக் கேள்விகள் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. கொலையாளி யார் என்பதைச் சொல்லவில்லை. முடிவைப் பற்றிப் பேசும் ஒரு கேள்விக்கு மட்டும் முன்னெச்சரிக்கை போட்டிருக்கிறேன்.

இது என்ன கேம்? கதைச் சுருக்கம் சொல்ல முடியுமா?

1997-ல் வந்தது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், சான் பிரான்சிஸ்கோவில் ஸ்மோக்கிங் கார் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கிச் செய்த கேம். வெளியிட்டது ப்ரோடர்பண்ட்.

1914 ஜூலை 24. மாலை 7:14-க்குப் பாரிஸிலிருந்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கிளம்புகிறது. போய்ச் சேர வேண்டிய இடம் கான்ஸ்டான்டினோப்பிள், அதாவது இன்றைய இஸ்தான்புல். நீங்கள் ராபர்ட் காத் என்ற அமெரிக்க டாக்டர். பிரெஞ்சுப் போலீஸ் உங்களைத் தேடுகிறது. நண்பன் டைலர் விட்னி அவசரமாக வரச் சொன்னதால், நிலையத்தில் ஏறாமல், ஓடும் ரயிலுக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து தாவி ஏறுகிறீர்கள். டைலரின் அறைக்கதவைத் திறந்தால் அவன் செத்துக் கிடக்கிறான். சட்டென்று வெளியே போய்க் கண்டக்டரைக் கூப்பிடவும் முடியாது, ஏனென்றால் போலீஸ் தேடும் ஆளே நீங்கள்தான். உடலை என்ன செய்வது என்பது நீங்கள் எடுக்கும் முதல் முடிவு. அதன்பிறகு டைலர் விட்னி என்ற பெயரில் அந்த அறையிலேயே பயணத்தைத் தொடர்கிறீர்கள்.

டைலர் எதற்காக அந்த ரயிலில் ஏறினான், யாரோடு என்ன பேரம் பேசியிருந்தான், யார் கொன்றது, அவனிடமிருந்த பொருள் எங்கே போனது என்று ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான் கதை.

துப்பறிவது எப்படி நடக்கிறது? தடயம் சேகரித்து, குற்றவாளியைச் சுட்டிக்காட்ட வேண்டுமா?

இல்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தடயங்களைப் பலகையில் ஒட்டி நூல் கட்டும் வேலை இதில் கிடையாது. சாட்சியை மடக்கும் விசாரணைக் காட்சியும், ‘நீதான் கொலையாளி’ என்று விரல் நீட்டும் கடைசிக் காட்சியும் கிடையாது. பேசும்போது தேர்ந்தெடுக்க வேண்டிய வசனங்கள்கூட இல்லை. ஒருவரைக் க்ளிக் செய்தால் காத் தானாகவே பேசுவார்.

இந்த ரயிலில் துப்பறிவது என்றால் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இருப்பது. அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய வேலை. ஏனென்றால் ரயிலில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது, நிஜ நேரத்தைவிட சுமார் ஆறு மடங்கு வேகத்தில். கதையில் ஒரு மணி நேரம் கழிய உங்களுக்குப் பத்து நிமிடம். நீங்கள் சும்மா ஜன்னலோரம் நின்றாலும் மற்றவர்கள் நிற்பதில்லை. முப்பது பேர் அளவுக்கு இருக்கும் பாத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் தனி அட்டவணை உண்டு. சாப்பிடப் போவார்கள், சிகரெட் பிடிக்கப் போவார்கள், அடுத்த அறைக் கதவைத் தட்டுவார்கள், சண்டை போடுவார்கள், தூங்குவார்கள். நீங்கள் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அது நடக்கும்.

முதல் நாள் இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுப் பெட்டியில் மேஜைகளுக்கு நடுவே நடக்கிறீர்கள். ஒரு பக்கம் ஜெர்மன் வியாபாரி ஆகஸ்ட் ஷ்மிட் உங்களை டைலர் என்று நினைத்து ‘வாருங்கள், உட்காருங்கள்’ என்கிறார். அவரோடு உட்கார்ந்தால் டைலர் செய்யவிருந்த பேரம் என்னவென்று தெரிய வரும். ஆனால் அதே சமயம் வேறு மேஜையில் இரண்டு பெண்கள் மற்றப் பயணிகளைப் பற்றிக் குறை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கிழ ரஷ்யப் பிரபு தன் பேத்தியோடு சாப்பிடுகிறார். அந்தப் பேத்தியைப் பார்த்ததும் ஓர் இளைஞனின் முகம் மாறுகிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்றால் அவர்களுடைய அறைகள் காலியாக இருக்கின்றன என்றும் அர்த்தம். ஷ்மிட்டோடு உட்காருவதா, பக்கத்து மேஜையில் காது வைப்பதா, இல்லை தாழ்வாரத்தில் கண்டக்டர் கண்ணில் படாமல் யார் அறைக்குள்ளாவது நுழைவதா? மூன்றையும் ஒரே சமயத்தில் செய்ய முடியாது. கேம் முழுக்க இந்தத் தவிப்புதான்.

சொல்லப்போனால் ஒட்டுக்கேட்பதும் அடுத்தவர் டைரியைப் படிப்பதும் நல்ல பழக்கம் இல்லை. ஆனால் போலிப் பெயரில் பயணம் செய்யும் ஆளுக்கு வேறு வழி ஏது?

ஏதாவது முக்கியமானதைத் தவறவிட்டால்? சேவ் செய்து வைத்துக்கொள்ளலாமா?

கையால் சேவ் செய்யத் தேவையே இல்லை. மெனுவில் ஒரு கடிகாரம் இருக்கும், கூடவே ரயில் நிற்கும் ஊர்கள். கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் அந்த நேரத்துக்கே போய் அங்கிருந்து வேறு விதமாக விளையாடலாம். 1997-ல் இது எவ்வளவு பெரிய யோசனை என்று இன்றைக்கு உணர்வது கஷ்டம்.

செத்துப்போனாலோ, போலீஸிடம் மாட்டினாலோ, கதை முட்டுச்சந்துக்குப் போனாலோ கேம் அங்கேயே முடிந்துவிடும். ஆனால் கடிகாரம், இன்னும் நிலைமையைச் சரிசெய்ய வாய்ப்பிருக்கும் ஒரு நேரத்துக்கு உங்களைக் கொண்டுபோய் விடும். இதை ஒரு மறைமுகக் குறிப்பாகவே எடுத்துக்கொள்ளலாம். ரொம்பப் பின்னால் போய் நிற்கிறது என்றால், தவறு கடைசி ஐந்து நிமிடத்தில் நடக்கவில்லை, அப்போதே நடந்துவிட்டது என்று பொருள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. பின்னால் போய்ப் புதிதாக எதையாவது செய்துவிட்டால் பழைய வரிசை அழிந்துவிடும். இரண்டு விதமாகவும் முயன்று பார்க்க ஆசைப்பட்டால் வேறு நிற முட்டையில் புதிய ஆட்டம் தொடங்குங்கள். ஆம், சேவ் இடங்கள் இங்கே வண்ண முட்டைகளாக இருக்கும். ஏன் முட்டை என்பது கதைக்குள் போனால் தெரியும்.

காதல் எந்த அளவுக்கு இருக்கிறது? ஜோடியை நான் தேர்ந்தெடுக்கலாமா?

தேர்ந்தெடுக்க முடியாது. யாரிடம் எத்தனை புள்ளி அன்பு என்று காட்டும் இதயப் பட்டையும் இல்லை. காத்துக்கும் அன்னா வோல்ஃபுக்கும் இடையே நடப்பதுதான் முக்கியமான காதல். அன்னா ஆஸ்திரிய வயலின் கலைஞர், கூட ஒரு நாயோடு பயணம் செய்கிறார். ஷ்மிட்டுக்கும் அவர்மேல் ஒரு கண்.

இந்தக் காதல் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதுவும் ரயிலின் விதிக்குக் கட்டுப்பட்டது என்பதுதான். காத் இன்னொருவன் பெயரில் இருக்கிறார். அன்னாவும் தான் ஏன் இந்த ரயிலில் இருக்கிறாள் என்பதை முழுதாகச் சொல்வதில்லை. இருவரும் ஒருவரையொருவர் நோட்டம் விடுகிறார்கள். சந்தேகமா ஈர்ப்பா என்று அவர்களுக்கே பிடிபடாத ஒரு நிலை நெடுநேரம் நீடிக்கிறது. நீங்களும் அவளை விரும்பித்தான் பின்தொடர்கிறீர்களா, வழக்குக்காகப் பின்தொடர்கிறீர்களா என்று ஒரு கட்டத்தில் சொல்ல முடியாது. இரண்டுக்கும் செய்யும் வேலை ஒன்றுதானே: எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள், எப்போது தனியாக இருக்கிறாள்.

இது உச்சத்துக்கு வருவது இரண்டாம் நாள் கச்சேரியில். க்ரோனோஸ் என்ற மர்மமான செல்வந்தர் தன் சொந்தப் பெட்டியை அந்த ரயிலோடு இணைத்துக்கொண்டு பயணம் செய்கிறார். அங்கே பயணிகளைக் கூப்பிட்டு ஒரு சிறு கச்சேரி வைக்கிறார். அவர் பியானோ, அன்னா வயலின். நீங்களும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இசை வெட்டப்படாமல் நிஜமாகவே சில நிமிடங்கள் ஓடுகிறது. அவள் முகத்தைப் பார்த்தபடி முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் ரயிலில் பாதிப்பேர் இங்கே இருக்கிறார்கள் என்றால் அறைகள் காலி. தேடுவதற்கு இதைவிட நல்ல நேரம் வராது. நீங்கள் எழுந்து போக வேண்டும். காதலியின் கச்சேரியிலிருந்து பாதியில் எழுந்துபோக வைக்கும் கேமை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. வசனமே இல்லாமல், பட்டன் எதுவும் ஒளிராமல், நாற்காலியை விட்டு எழுவதையே ஒரு முடிவாக ஆக்கிவிட்டார்கள்.

வேறு காதல் கதைகள் உண்டா?

உண்டு, அவற்றில் நீங்கள் வெறும் பார்வையாளர். மேலே சொன்ன பேத்தி டாட்டியானா, ரஷ்யப் பிரபு ஒபோலென்ஸ்கியின் செல்லப் பெண். அவளைப் பார்த்து முகம் மாறிய இளைஞன் அலெக்ஸெய், சிறு வயதில் அவளோடு பழகியவன், இப்போது அரசுகளையே ஒழிக்க வேண்டும் என்று நினைக்கும் அராஜகவாதி. தாத்தாவையும் அவனையும் ஒரே ரயிலில் ஏற்றியாகிவிட்டது. என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

குறை பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள், ரெபெக்காவும் ஸோஃபியும். இவர்களைப் பெரும்பாலானவர்கள் கவனிக்காமலே கேமை முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரம் பார்த்து அறைக்குள் நுழைந்தால் ரெபெக்காவின் டைரி கிடைக்கும். பயணம் நகர நகர அதில் புதுப் பக்கங்கள் சேரும். மற்றப் பயணிகளைப் பற்றி அவள் எழுதியிருப்பதில் வழக்குக்கு உதவுவதும் இருக்கிறது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய்ப் படித்தது வேறு காரணத்துக்காக. அந்த இருவருக்கும் இடையிலான நெருக்கமும் அதன் உரசல்களும் அந்தப் பக்கங்களில்தான் வெளியே வருகின்றன. படிக்காமலே கேமை முடிக்கலாம், படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரித்திரம் எவ்வளவு உண்மை?

தேதியைக் கவனியுங்கள், பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டும் அவர் மனைவியும் சரஜேவோவில் கவ்ரிலோ பிரின்சிப்பால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூலை 23 மாலை ஆறு மணிக்கு ஆஸ்திரியா செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தது. உங்கள் ரயில் கிளம்புவது மறுநாள் மாலை. அதாவது நீங்கள் ரயிலில் இருக்கும்போதே, ஜூலை 25 மாலை ஆறு மணிக்கு, அந்தக் கெடு முடிகிறது. ஜூலை 28 அன்று ஆஸ்திரியா போர் அறிவித்தது. அடுத்த ஒரு வாரத்தில் ஜெர்மனி, ரஷ்யா, பிரான்ஸ், பிரிட்டன் எல்லாம் போரில் இறங்கிவிட்டன.

இப்போது பயணிகளின் பட்டியலைப் பாருங்கள். ஆயுதம் விற்கும் ஜெர்மானியர், ஆயுதம் வாங்க வந்த செர்பியர்கள், ஆஸ்திரியப் பெண், ரஷ்யப் பிரபு, ரஷ்ய அராஜகவாதி, ஆபட் என்ற ஆங்கிலேயர், பிரெஞ்சுக் குடும்பம் ஒன்று. சில நாளில் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளப் போகும் நாடுகள் எல்லாம் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து உப்பை எடுத்துக் கொடுத்துக்கொள்கின்றன. நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த அறியாமை மிகையும் அல்ல. அந்த வாரம் பாரிஸ் பத்திரிகைகளைப் பிடித்து வைத்திருந்தது செர்பியா அல்ல, ஒரு கொலை வழக்கு. முன்னாள் பிரதமர் ஜோசப் கையோவின் மனைவி ஹென்ரியெட், ‘லெ ஃபிகாரோ’ ஆசிரியரைச் சுட்டுக் கொன்ற வழக்கு. ஜூலை 20-ல் தொடங்கி 28-ல் விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. பிரான்ஸின் குடியரசுத் தலைவர் புவான்காரே அப்போது ரஷ்யப் பயணம் முடிந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்.

செர்பியர்கள் சேர்ந்திருக்கும் ‘கறுப்புக் கை’ இயக்கமும் நிஜம். 1911-ல் தொடங்கப்பட்ட இரகசிய அமைப்பு. அதன் தலைவர் டிராகுடின் டிமிட்ரியெவிச், ‘அபிஸ்’ (Apis) என்ற புனைபெயரில் செர்பிய இராணுவ உளவுப் பிரிவையும் நடத்தியவர்.

கற்பனை என்றால் மைய மர்மமும் அதைச் சுற்றிய ஆட்களும். க்ரோனோஸ், கதையில் வரும் நெருப்புப் பறவை முட்டை, ரயிலில் பின்னால் நடக்கும் களேபரம், எல்லாம் எழுத்தாளர்கள் உண்டாக்கியது. அதற்காக ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் வன்முறையே நடந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். 1891-ல் துருக்கிப் பகுதியில் கொள்ளையர்கள் அதைத் தடம்புரளச் செய்து பயணிகளைப் பிடித்துவைத்துப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

இன்னொருவர் பெயரில் நாடு விட்டு நாடு போக முடியுமா? பாஸ்போர்ட் கேட்கமாட்டார்களா?

இன்றைய கண்ணால் பார்த்தால் ஓட்டையாகத் தெரியும் இடம் இது. ஆனால் 1914-க்கு முன் மேற்கு, மத்திய ஐரோப்பாவில் பாஸ்போர்ட் இல்லாமலே எல்லை தாண்டலாம். ரஷ்யாவும் உதுமானியப் பேரரசும்தான் கெடுபிடி காட்டிய விதிவிலக்குகள். எல்லா எல்லையிலும் பாஸ்போர்ட் என்ற வழக்கம் போரோடு வந்தது, பிறகு போகவே இல்லை. ஆகையால் டைலரின் அறையில் டைலரின் பெயரில் ஓர் அமெரிக்கர் இருந்தால் கண்டக்டருக்குச் சந்தேகம் வரக் காரணம் இல்லை. ஆபத்து நிஜ டைலரை முன்பே பார்த்திருக்கும் ஆட்களிடமிருந்துதான் வரும்.

வழியில் ஸ்ட்ராஸ்பூர்க் வரும்போது குழம்ப வேண்டாம். இன்று பிரான்ஸில் இருக்கும் அந்த ஊர் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியில் இருந்தது.

படங்கள் விசித்திரமாக இருக்கின்றனவே, கார்ட்டூனா நிஜ மனிதர்களா?

இரண்டும். நடிகர்களுக்கு அந்தக் கால உடையும் ஒப்பனையும் போட்டு நீலத்திரைக்கு முன்னால் நடிக்க வைத்துப் படம் பிடித்தார்கள். பிறகு தேர்ந்தெடுத்த ஃபிரேம்களைக் கோட்டோவியமாக மாற்றி வண்ணம் தீட்டினார்கள். ரோட்டோஸ்கோப்பிங் என்ற இந்த முறை மெக்னருக்குப் பழக்கமானது. ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’வில் இளவரசன் ஓடுவதும் தாவுவதும் அவர் தம்பியைப் படம்பிடித்து வரைந்தவை. இங்கே அந்தக் கோடுகளை 1900-ஐ ஒட்டிய ஆர்ட் நூவோ (கொடிபோல் வளையும் கோடுகள் கொண்ட அலங்காரக் கலை) சுவரொட்டிகளின் பாணியில் செய்திருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கனமும் உண்டு. தாழ்வாரத்தில் எதிரே வருபவர் சீராக அசைவார். ஆனால் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் படம் நிலைப்படங்களாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கரைந்து மாறும். முதல் பத்து நிமிடம் கேம் திக்குகிறதோ என்று தோன்றும், பிறகு கண் பழகிவிடும். அதே ஆண்டுகளில் வந்த முப்பரிமாண கேம்கள் பலவற்றை இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. இதைப் பார்த்தால் வருவதில்லை.

ரயிலும் அப்படியே. குழுவினர் அந்தக் காலத்துப் படுக்கைப் பெட்டி ஒன்றை ஏதென்ஸில் தேடிப் பிடித்து அதை மாதிரியாக வைத்துத்தான் உள்புறத்தை அமைத்தார்கள். தாழ்வாரக் கோடியில் கண்டக்டர் உட்காரும் மடக்கு இருக்கை, அறைக்குள் மேலிருந்து இறங்கும் படுக்கை, ஜன்னலைத் திறந்து வெளியே தொங்கிப் பக்கத்து அறைக்குப் போகும் வசதி (டிக்கெட்டில் இது சேராது) எல்லாம் துல்லியமாக இருக்கும்.

ஆங்கிலம் சுமாராகத்தான் தெரியும். புரியுமா?

புரியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். தமிழில் சப்டைட்டில் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். வசனங்கள் எளிமையானவை. ஆனால் யாரும் உங்களுக்காக நின்று பேசமாட்டார்கள். தவறவிட்டால் கடிகாரத்தைத் திருப்பி இன்னொரு முறை கேட்டுக்கொள்ளலாம்.

மொழி விஷயத்தில் கேம் செய்திருக்கும் ஒரு காரியம் அருமையானது. ஒவ்வொருவரும் அவரவர் மொழியிலேயே பேசுகிறார்கள், அந்தந்த மொழி பேசும் நடிகர்களின் குரலில். காத்துக்கு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன் தெரியும் என்பதால் அவற்றுக்குச் சப்டைட்டில் வரும். செர்பியர்கள் தங்களுக்குள் கிசுகிசுத்தால் வராது. காதில் விழுகிறது, முக்கியமான ஏதோ என்றும் தெரிகிறது, ஆனால் ஒரு வார்த்தை பிடிபடாது. வெளியாளாக இருப்பது எப்படி இருக்கும் என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்ட முடியாது.

சண்டைக் காட்சிகள் உண்டா? வன்முறை அதிகமா?

சில இடங்களில் உண்டு. எதிராளி எந்தப் பக்கம் தாக்குகிறான் என்று பார்த்து நொடியில் விலக வேண்டும், தடுக்க வேண்டும். எனக்கு இவை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நிதானமாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் கேமில் திடீரென்று வேகச் சோதனை வைப்பது துருத்திக்கொண்டு நிற்கிறது. தோற்றாலும் கடிகாரம் சண்டைக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் விடும் என்பதால் யாரும் நிரந்தரமாக மாட்டிக்கொள்ளமாட்டார்கள். இரத்தமும் பிணங்களும் வரும், சின்னப் பிள்ளைகளுக்கான கேம் அல்ல.

முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? வாக்த்ரூ பார்க்கலாமா?

முதல் முறை எட்டுப் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்த்ரூ வேண்டாம் என்பேன். அது ‘இத்தனை மணிக்கு இங்கே போ, இதை எடு’ என்று நேர்க்கோட்டில் இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் போகாத பெட்டியில் என்ன நடந்தது என்ற அரிப்பே இல்லாமல் போய்விடும். நிஜமாகவே திணறினால் மூன்று விஷயங்களை மட்டும் செய்து பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் யார் அறை காலி என்று பாருங்கள். கண்டக்டர் இருக்கையை விட்டு எப்போது எழுகிறார் என்று கவனியுங்கள், அவருடைய பயணிகள் பட்டியல் அங்கேதான் இருக்கும். மூன்றாவது, ரயிலில் ஓடித் திரியும் ஃபிரான்சுவா என்ற சிறுவனை அலட்சியம் செய்யாதீர்கள். பெரியவர்களின் இரகசியங்களுக்கு நடுவே அவனுக்கும் சொந்தமாக ஒரு பேரம் இருக்கிறது.

முடிவு எப்படி? ஒரே முடிவா, பலவா? (கதையின் முடிவு பற்றிய பேச்சு இருக்கிறது, வேண்டாதவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம்.)

தவறான முடிவுகள் நிறைய, சரியான முடிவு ஒன்று. தவறானவற்றில் சில முழுநீளக் காட்சிகளாகவே இருக்கும், ‘அட, முடித்துவிட்டோம்’ என்று ஏமாறும் அளவுக்கு. கடிகாரத்தில் இன்னும் ஊர்கள் பாக்கியிருக்கிறதா என்று பாருங்கள், தெரிந்துவிடும்.

சரியான முடிவில் வழக்கு தீர்கிறது. காதல் தீர்வதில்லை. கான்ஸ்டான்டினோப்பிளில் போர்ச் செய்தி வந்து நிற்கிறது, அன்னா காத்தை விட்டுப் போகிறாள். பலருக்கு இது பிடிப்பதில்லை. இவ்வளவு பாடுபட்டதற்குச் சேர்ந்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். நான் அன்னாவின் கட்சி. மூன்று நாளாக அந்த ரயிலில் எல்லாரையும் நகர்த்தியது அவரவர் நாடுதான். அவளை மட்டும் அது விட்டுவிடும் என்றால் நம்ப முடியாது. இன்னொன்று, பெயர்ப் பட்டியல் ஓடும்போது எழுந்து போய்விடாதீர்கள். ஐரோப்பாவின் வரைபடம் 1914-லிருந்து ஆண்டாண்டாக மாறிக்கொண்டே வரும். நீங்கள் இப்போதுதான் கடந்துவந்த எல்லைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவதைப் பார்க்கலாம்.

இவ்வளவு நல்ல கேம் என்றால் ஏன் பலருக்குத் தெரியவில்லை?

விற்கவில்லை. செலவு ஐம்பது லட்சம் டாலருக்கு மேல், உழைப்பு பல ஆண்டுகள். வெளியாவதற்குச் சற்று முன்னால் ப்ரோடர்பண்டின் விளம்பரப் பிரிவே கூண்டோடு விலகிப்போனதால் விளம்பரம் என்று ஒன்று நடக்கவில்லை. விமர்சகர்கள் பாராட்டினார்கள். ஆனால் கடையில் அப்படி ஒரு பெட்டி இருப்பதே வாங்குபவர்களுக்குத் தெரியாமல் போயிற்று. 1998-ல் ப்ரோடர்பண்ட் நிறுவனமே இன்னொன்றின் கைக்குப் போனது. ஸ்மோக்கிங் காரும் மூடப்பட்டது. காலத்தையே விளையாட்டாக்கிய கேமுக்கு வெளியான காலம் வாய்க்கவில்லை.

இன்று எதில் விளையாடலாம்?

கம்ப்யூட்டரில் டிஜிட்டலாக மறுபடி வெளியிட்டார்கள். 2012-ல் ஐபோன், ஐபேடுக்கும் 2013-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. புதிய பதிப்பில் குறிப்பு கொடுக்கும் வசதி சேர்த்திருக்கிறார்கள். அதை அணைத்துவிட்டே தொடங்குங்கள். பழைய கேம் என்பதால் ரொம்பச் சாதாரணக் கம்ப்யூட்டரே போதும். ஹெட்ஃபோன் மட்டும் அவசியம். கதவுக்குப் பின்னால் பேசுவது ஸ்பீக்கரில் பாதி கேட்காது.

இது பிடித்துவிட்டது. அடுத்து என்ன?

எதற்காகப் பிடித்தது என்பதைப் பொறுத்தது.

சரித்திரத்துக்காக என்றால் ‘பென்டிமென்ட்’ (2022). பதினாறாம் நூற்றாண்டு பவேரியாவில் டாசிங் என்ற கற்பனை ஊர், சுவடி ஓவியர் ஆண்ட்ரியாஸ் மாலர், ஒரு கொலை. யாரைக் குற்றவாளி என்று சொன்னாலும் அது சரிதானா என்று கேம் உறுதி சொல்லாது. ஊர் அந்தத் தீர்ப்போடு பல ஆண்டு வாழ வேண்டியிருக்கும். காதல் என்று பெரிதாக இல்லை.

மூளைக்கு வேலை வேண்டும் என்றால் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018). 1807-ல் ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பல். அதிலிருந்த 60 பேருக்கும் என்ன ஆயிற்று என்று நீங்களே ஊகித்து எழுத வேண்டும். மும்மூன்றாகத்தான் விடை சரியென்று சொல்லும் என்பதால் குருட்டாம்போக்கில் அடித்துவிட முடியாது.

காதல்தான் முக்கியம், ஜோடியையும் நானே தேர்ந்தெடுப்பேன் என்றால் ஜப்பானிய ஒட்டோமே வகைக்குப் போங்கள், அதாவது நாயகியாக விளையாடி ஜோடியைத் தேர்ந்தெடுக்கும் காதல் கேம்கள். அதில் ‘லண்டன் டிடெக்டிவ் மிஸ்டீரியா’ விக்டோரியா கால லண்டனில் நடப்பது, துப்பறியும் வித்தை கற்கும் எமிலி என்ற பிரபுகுலப் பெண்தான் நாயகி. படிப்பது அதிகம், சுற்றித் திரிவது குறைவு. நகைச்சுவையோடு நீதிமன்றமும் வேண்டும் என்றால் ‘த கிரேட் ஏஸ் அட்டர்னி க்ரோனிக்கிள்ஸ்’. மெய்ஜி கால ஜப்பானில் தொடங்கி லண்டனுக்குப் போகும், நீளம் மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஓடும் கடிகாரத்தோடு துப்பறிவதுதான் பிடித்தது என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் நேரடியான பதில் இல்லை. மறுபடி பாரிஸிலிருந்து கிளம்பி, இந்த முறை ஷ்மிட்டோடு சாப்பிட உட்காராமல் பக்கத்து மேஜைகளைக் கேட்டுப் பாருங்கள்.